மழை இல்லை என்று சொன்ன கணினி

பேசிக் என்கிற பழைய கணினி மொழியை நினைத்துக் கண் கலங்குகிற கிழவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். நானும் அந்த வயதுக்காரன்தான். அரசுப் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன்; மலையாள எல்லையை ஒட்டிய எங்கள் பக்கத்தில் வாத்தியாரை மாஷ் என்பார்கள். கணினி எனக்குப் பிழைப்பு அல்ல, ஆசை. இன்றும் சாயங்காலமானால் உட்கார்ந்து ஏதாவது ஒரு நிரல் எழுதிக்கொண்டிருப்பேன். எழுதுகிறவன் என்பதால்தானோ என்னவோ, எழுதாதவர்களின் பெருமூச்சு எனக்குச் சகிக்கவில்லை.

எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பழைய வீட்டுக் கணினிகளில் கைவைத்த ஆட்கள். காலையில் யாராவது மஞ்சளடித்துப்போன ஒரு விசைப்பலகையின் படத்தைப் போடுவார்கள். மற்றவர்கள் கைகூப்புவார்கள். இத்துனூண்டு நினைவகத்தில் நாம் எவ்வளவு சாதித்தோம் என்று ஒருவர் எழுதுவார். என்ன சாதித்தோம்? பத்தாவது வரியில் நம் பெயரை அச்சிடச் சொல்லி, இருபதாவது வரியில் மறுபடியும் பத்துக்கே போகச் சொன்னோம். திரை முழுக்க நம் பெயர் ஓடியது. அதைப் பார்த்துப் பூரித்துப்போய் பெரும்பாலோர் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

போன மாசியில் இந்தக் கூட்டம் கொழிஞ்சாம்பாறையில், குழுவின் தலைவருடைய தோட்டத்து வீட்டில் கூடியது. தலைவர் எனக்கு மூத்தவர், பெரிய காடுதோட்டம் உள்ள குடும்பம். எங்கள் பகுதிக்கு முதலில் கணினி வந்தது அவர் வீட்டுக்குத்தான். மஸ்கட்டிலிருந்து அவருடைய மாமா கொண்டுவந்தது. அதை டிவியில் இணைக்க வேண்டும், நிரலைப் பாட்டு கேசட்டில் பதிந்துகொள்ள வேண்டும். நடுவில் கரண்ட் போனால் தட்டியதெல்லாம் போய்விடும். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போவேன். அவர் சாப்பிட எழுந்துபோகும் நேரத்தில் மட்டும் அதைத் தொட எனக்கு அனுமதி.

அந்தக் காலத்தில் அவர் ஒரு நிரல் எழுதினார். மழை வருமா வராதா என்று சொல்கிற நிரல். காற்று எந்தத் திசை, வெயில் எப்படி, எறும்பு ஊர்கிறதா என்றெல்லாம் திரையில் கேள்வி கேட்கும். பதில்களைத் தட்டினால் சிறிது நேரம் புள்ளி புள்ளியாக ஓடவிட்டு, மழை உண்டு அல்லது மழை இல்லை என்று பெரிய எழுத்தில் காட்டும். ஊர்க்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

ஒருநாள் அவர் சாப்பிடப் போனபோது அந்த நிரலின் வரிகளைத் திரையில் வரவழைத்துப் படித்தேன். கேட்ட பதில்கள் எதையும் அது பயன்படுத்தவே இல்லை. கணினியைத் தன் போக்கில் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே ஓர் எண்ணை எடுக்கச் சொல்லி, அது பாதிக்கு மேலிருந்தால் மழை, கீழிருந்தால் இல்லை. பூவா தலையா போடுகிற வேலை. அதைக்கூட ஒழுங்காகச் செய்யவில்லை. அந்த வகைக் கணினிகள் அணைத்துப் போட்டால் அதே எண்களை அதே வரிசையில்தான் மறுபடியும் எடுக்கும். ஆகவே எந்த நாளானாலும் முதலில் கேட்கிறவருக்குக் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: மழை இல்லை.

பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவர் அந்த ஐப்பசியில் கடலை பறிக்கலாமா என்று கேட்க அதிகாலையிலேயே போனார். முதல் ஆள். மழை இல்லை என்று வந்தது. வழியில் அவரை மறித்து, அது வெறும் குலுக்கல், நம்பாதீர்கள் என்று நான் சொன்னேன். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "டிவியிலயே எழுதி வந்துச்சுங்களே" என்றார். பறித்தார். செடியோடு காட்டில் குவிந்து கிடந்த கடலைமீது விடாமல் பெய்தது. காய் கறுத்து, பாதி முளைவிட்டுப்போனது. அவருடைய சம்சாரம் சாக்கை விரித்து உட்கார்ந்து நல்ல காயைப் பொறுக்கிக்கொண்டிருந்ததை நான் சாலையிலிருந்து பார்த்தேன்.

மாசிக் கூட்டத்தில் தலைவர் அந்த மழை நிரலின் கதையைத்தான் எடுத்தார். வானிலை அறிவிப்பை விடத் துல்லியமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். விவசாயிகள் அவரைக் கேட்காமல் ஏர் பூட்ட மாட்டார்களாம். கல்பாத்தியிலிருந்து வந்திருந்த ஒரு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி கேட்டுக்கொண்டே தலையாட்டினார். "இந்தக் காலத்துப் பிள்ளேளுக்கு எல்லாம் ரெடிமேடாக்கும். யோசிக்கவே தெரியாது" என்றார்.

மேசைமேல் அந்தப் பழைய கணினி இருந்தது. யாரோ கோயமுத்தூரில் கொடுத்துப் பழுது பார்த்து ஓடவைத்திருந்தார்கள். ஆளுக்கொரு நிரல் எழுதலாம் என்றார்கள். வங்கி அதிகாரி தட்டியது பிழை என்று வந்தது. அடுத்தவருக்கும் பிழை. தலைவர் தன் பெயரை ஓடவிட்டார். கைதட்டினார்கள்.

நான் எழுந்துபோய் அந்த மழை நிரலை நினைவிலிருந்து தட்டினேன். சின்னது, நேரமாகவில்லை. ஓட்டினேன். மழை இல்லை. அணைத்துவிட்டு மறுபடியும் தட்டி ஓட்டினேன். மழை இல்லை. மூன்றாவது தடவைக்குத் தலைவரையே காற்றுத் திசையைத் தட்டச் சொன்னேன். அவர் தட்டவில்லை.

"கேக்கற எதையும் இது பாக்கறதில்லைங்க. எப்பத் தொறந்தாலும் மொதல்ல இதையேதான் சொல்லும். இதைக் கேட்டுத்தான் பக்கத்துக் காட்டுக்காரரு கடலையப் பறிச்சாருங்க" என்றேன்.

தலைவர் முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அட மாஷே, ஊரையே நம்ப வெச்சிருக்கனே, அது சாமானியமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வங்கி அதிகாரி என் முதுகில் தட்டி, என்ன ஞாபகசக்தி என்று மெச்சினார். ஒருவர் அந்தத் திரையைப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். செயற்கை நுண்ணறிவை நாம் அன்றைக்கே செய்துவிட்டோம் என்று தலைவர் அதன்கீழ் எழுதினார். உடனே கைகூப்பல்கள். அதற்குப் பிறகு பிரியாணி வந்தது.

நான் சாப்பிடாமல் கிளம்பினேன். கோபம் அடங்கவில்லை. கடலைக்காரர் இப்போதும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார். வயதாகிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். அவரிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அவர் வீட்டுக்கு நடந்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அடையாளம் கண்டு, உட்காரச் சொல்லி, வீட்டு ஆட்களிடம் இளநீர் வெட்டித் தரச் சொன்னார். அந்த ஐப்பசியைப் பற்றி எடுத்தேன். எல்லாம் ஞாபகம் வைத்திருந்தார். இன்றைக்கு அதே நிரலை எழுதிக் காட்டினேன், அது பொய், காற்றையும் பார்க்கவில்லை வெயிலையும் பார்க்கவில்லை என்று சத்தமாகவே விளக்கினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு எனக்காகப் பரிதாபப்படுகிறவர்போல ஒரு பார்வை பார்த்தார்.

"இல்லைங்க மாஷே, மிஷினு சரியாத்தான் சொல்லுச்சு. மழதான் மாறி வந்துருச்சு" என்றார்.

இளநீரைக் குடித்துவிட்டு எழுந்தேன். தலைவர்மீது இருந்த வெறுப்பில் ஒரு பங்கு இவர்மீதும் வந்தது. அதை நான் மறைக்கப்போவதில்லை. பொள்ளாச்சி பேருந்தில் ஏறியதும் குழுவிலிருந்து விலகினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.