தொலைபேசி எண் உள்ள மான்குட்டிகள்

ரிஸ்தன் அண்ணியைப் பற்றி யார் கேட்டாலும் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். பனிக்காலம் முழுக்க நார்வேயின் வடகோடியில் எங்கள் ஊரான கௌத்தோகெய்னோவில் பள்ளிச் சமையலறையில் சூப் கிளறுவாள். கோடையில் எங்களோடு கடலோர மேய்ச்சலுக்கு வந்துவிடுவாள். என் பெரியண்ணன் செத்துப்போன பிறகும் அவனுடைய பனிமான்களை விற்காமல் தானே மேய்த்தவள். வாய் கொஞ்சம் நீளம். என்னுடையதைவிடக் குறைவுதான்.

யாருடையது என்று அடையாளம் வைக்கக் குட்டிகளுக்குக் காது வெட்டும் நாளில் ஒவ்வொன்றின் கழுத்திலும் எண் மாட்டிப் பட்டிக்குள் விடுவோம். எந்த எண் யாருடைய தாய்மானின் பின்னால் ஓடுகிறது என்று ஆளாளுக்குக் குறித்து, எல்லாவற்றையும் ஒத்துப் பார்த்த பிறகுதான் கத்தியை எடுப்போம். யாரும் கேட்காத குட்டி பொது விற்பனைக்குப் போய்விடும். 2001-இல் மழையில் காகிதமெல்லாம் ஊறிப்போய், ஒரு குட்டிக்காக அண்ணியும் என் சின்னண்ணன் ஆஸ்லத்தும் அடித்துக்கொள்ளாத குறை. "இன்னொரு தடவ இப்படி நடந்துச்சு, என் மானையெல்லாம் ஓட்டிக்கிட்டு எங்கம்மா வீட்டு ஆளுங்களோட போயிடுவேன்" என்றாள் அண்ணி. சும்மா சொல்கிறவள் இல்லை.

அதனால்தான் 2002 கோடைக்குக் கைக்கணினி வாங்கினோம். ஆளுக்கொரு வகை! ஆஸ்லத்திடம் 'பாம்' (Palm) என்ற கருவி. என் வீட்டுக்காரர் நீலாஸிடம் குட்டி விண்டோஸ். அண்ணியிடம் விசைப்பலகையோடு மடங்கும் ஈபோக். ஒன்றின் அட்டவணையை மற்றொன்று திறக்காது. மடத்தனம் என்று நினைக்காதீர்கள், வேண்டுமென்றே செய்தது. எத்தனை மான் வைத்திருக்கிறாய் என்று இங்கே ஒருவரைக் கேட்பது, பேங்கில் எவ்வளவு போட்டிருக்கிறாய் என்று கேட்கிற மாதிரி. அடுத்தவன் எட்டிப் பார்க்க முடியாத கருவிதான் எங்களுக்கு நல்ல கருவி.

பட்டியோரம் காப்பி கொதிக்கும்போதே சண்டை தொடங்கிவிட்டது.

"என்னோடதுல பேனாவால எழுதினா போதும், அதுவே புரிஞ்சிக்கும்" என்றான் ஆஸ்லத்.

"நீ எழுதுறது உனக்கே புரியாது, அதுக்கா புரியப்போவுது?" என்றேன்.

"ஆபீஸ் கணக்கெல்லாம் என்னோடதுலதான் திறக்கும்" என்றார் நீலாஸ்.

"திறக்கும் திறக்கும், சாயங்காலமானா சார்ஜ் தீர்ந்து படுத்துக்கும். என்னோடது ரெண்டு பேட்டரியில வாரக்கணக்கா ஓடுது" என்றாள் அண்ணி.

குறித்து முடித்ததும் வம்பு வந்தது. மூன்று கருவி, மூன்று கணக்கு, ஒத்துப் பார்க்க வழியில்லை. சத்தமாகப் படித்துப் பார்த்தோம். காற்றிலும் மான்களின் உறுமலிலும் ஐம்பத்தாறா அறுபத்தாறா என்று எவனுக்குக் கேட்டது? ஆஸ்லத்துக்கு முகம் சிவந்தது. உள்ளே குட்டிகள் வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டு நின்றன. அண்ணி பட்டிக் கதவைப் பார்த்தாள். போய்விடுவாள் என்றே நினைத்தேன்.

அவள் திரும்பி, "மூணுக்கும் தெரிஞ்ச பாஷை ஒண்ணு இருக்குய்யா! விசிட்டிங் கார்டு! அத மட்டும் எதுலேர்ந்தும் எதுக்கும் அனுப்பலாம்!" என்று கத்தினாள்.

"யாருக்கு?"

"குட்டிக்கு! பேரு போடுற எடத்துல சொந்தக்காரர் பேரு. போன் நம்பர் எடத்துல கழுத்து நம்பர்."

"போன் பண்ணா எடுக்குமா?" என்று நீலாஸ் சிரித்தார்.

"அம்மான்னு கத்தும். பேசாம டைப் அடிங்க."

நீலாஸ் தன் கருவியை அண்ணியின் கருவிக்கு எதிரே மூக்கும் மூக்கும் உரச நீட்டினார். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் பாய்ந்து, டிங்! முதல் கார்டு விழுந்தது. நான் குதித்தேன், வெட்கமில்லாமல் குதித்தேன். விண்டோஸ் அனுப்புகிறது, ஈபோக் வாங்கிக்கொள்கிறது!

ஆஸ்லத் மட்டும் பாமைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டே நின்றான்.

"என் மந்தைக் கணக்கும் சேர்ந்து வந்துடுமா அண்ணி?"

"கார்டு மட்டுந்தான் தம்பி. உன் மந்தை எனக்கெதுக்கு?"

அரைமனதோடு நீட்டினான். வரிசையாக விழுந்தன. அண்ணி எண்வாரியாக அடுக்கினாள். ஒரே எண்ணுக்கு இரண்டு பேர், ஊஹூம், எங்கேயும் இல்லை. ஆனால் முப்பத்தெட்டு மட்டும் விடுபட்டிருந்தது.

"அது யாருக்கும் இல்ல. பொது விற்பனைதான்" என்றார் நீலாஸ்.

"இருங்க, இன்னொண்ணு இருக்கு" என்றான் ஆஸ்லத்.

டிங். அண்ணி திரையைப் பார்த்தாள். எண் முப்பத்தெட்டு. பெயர், ரிஸ்தன்.

"நான் இதப் பாக்கவே இல்லியே" என்றாள்.

"நான் பாத்தேன் அண்ணி. உங்க வெள்ள மூக்கிதான் அதோட அம்மா."

நான் ஓவென்று அழுதேன், சிரித்தேன், இரண்டும் ஒன்றாக. அண்ணி கத்தியை உருவிக்கொண்டு பட்டிக்குள் இறங்கினாள்.

"வா தம்பி, நான் காது வெட்டுறேன், குட்டிய நீயே பிடிச்சுக்கோ" என்றாள்.