முன் சீட்டு முத்துப்பிரியா

சினிமாவுக்குப் போனாள் என்பது நிஜம்தான், நான் அதை மறைக்கவில்லை. ஜீப்பு டிரைவர் சின்னமுத்துவோடு போனாள் என்பதும் நிஜம். ஆனால் எதிர்வீட்டுச் சந்திரவல்லி இதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாளே, அந்த ஜீப்பில் இன்னும் பதினோரு பொம்பளைகள் இருந்தார்கள் என்பதை மட்டும் எப்படி விழுங்கிவிடுகிறாள்? கள்ளத்தனமாகப் போகிறவள் தூக்குச்சட்டியில் பழைய சோறும் மோர்மிளகாயும் எடுத்துக்கொண்டா போவாள்?

முத்துப்பிரியா என் மருமகள். சிலமலைக்காரி, பத்தாவது வரை படித்தவள். என் மகன் வினோத்குமாருக்குக் கட்டிவைத்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. விடிந்ததும் ஜீப்பேறிப் போடிமெட்டைத் தாண்டிப் போய், கேரளத்து ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புவாள்.

கதைப் பைத்தியம் பேத்தி மகாவால் வந்தது. பள்ளிக்கூட லைப்ரரியிலிருந்து ஒரு தடிப் புத்தகம் கொண்டுவந்தாள். வெளிநாட்டுக் கதை, தமிழில் போட்டிருந்தார்கள். நாலு பக்கம் புரட்டிவிட்டு அவள் போனை எடுத்துக்கொண்டாள். கிடந்த புத்தகத்தை என் மருமகள் எடுத்தாள். அன்றைக்கு வீட்டில் குழம்பு தீய்ந்தது.

அதற்கப்புறம் அந்தத் தினுசுக் கதையாகவே தேடித் தேடிப் படித்தாள். எல்லாவற்றிலும் உலகம் கெட்டுப்போய்விடும். மிஞ்சின சனத்தை ஒரு கூட்டம் அடைத்துவைத்து அதிகாரம் பண்ணும். பதினாறு வயசுப் பிள்ளை ஒன்று எழுந்து, இது ஏன் இப்படி என்று கேட்கும். நாற்பதை நெருங்குகிறவளுக்குச் சின்னப்பிள்ளைக் கதை எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்கள் ஒருவரும் ஒரு கதையையும் கேட்டதில்லை. எனக்கு எழுத்துத் தெரியாது. சாயங்காலம் நான் பூண்டு உரிக்கும்போது அவள் உரக்கப் படிப்பாள், அப்படித்தான் எனக்கு எல்லாம் தெரியும்.

அவளுக்கு ரொம்பப் பிடித்தது மூடி போட்ட ஊர்க் கதை. ஊருக்கு மேலே தகரத்தில் பெரிய மூடி. ஒரு தெருவுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரந்தான் வெயில் திறந்துவிடுவார்கள். ஆரி என்கிற பிள்ளை ஏணி போட்டு ஏறி, மூடியில் ஓட்டை போட்டுத் தனியாக வெளியே போய்விடுகிறாள். வெளியே என்ன இருந்தது என்று புத்தகத்தில் இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது.

“பொறுங்கத்தே, இன்னும் ரெண்டு புத்தகம் இருக்கு” என்றாள். இந்த மாதிரிக் கதை மூன்று மூன்றாகத்தான் வருமாம். சினிமாக்காரர்கள் மூன்றாவதை இரண்டாக அறுத்து நாலு படமாக்கிவிடுவார்களாம். வியாபாரம் தெரிந்தவர்கள்.

ஜீப்பிலும் இந்தக் கதைதான். மெட்டுக்கு ஏறப் பதினேழு வளைவு. ஒன்பதாவது வளைவில் தவறாமல் வாந்தியெடுக்கிற ஜெயபாக்கியம், கதை கேட்க ஆரம்பித்தபிறகு வாந்தியையே மறந்துவிட்டாள். ஜீப்பு இரைச்சலில் பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்க வேண்டுமென்றால், முன் சீட்டில் முழங்கால் போட்டுப் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்துதான் சொல்ல வேண்டும். சந்திரவல்லி கண்ணை உறுத்துகிற முன் சீட்டுச் சங்கதி இவ்வளவுதான். பேரன் எடுத்துவிட்ட சின்னமுத்துவுக்கு வண்டியில் பாட்டுப் போடாமல் போனதே என்கிற வருத்தந்தான் மிச்சம்.

அன்றைக்கு மெட்டில் செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்திவிட்டார்கள். கேரளாவில் ஹர்த்தாலாம், எல்லாம் அடைப்பு. முதல்நாள் இறங்கும்போதே தோட்டத்துக் கங்காணி வண்டிக்குப் பக்கத்தில் நின்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். அந்நேரம் ஆரி பாதி ஏணியில் தொங்கிக்கொண்டிருந்ததால், பன்னிரண்டு பொம்பளைகளில் ஒருத்தி காதிலும் விழவில்லை. சின்னமுத்து காதிலும்தான். திரும்பி இறங்கும்போது முத்துப்பிரியா, அந்தக் கதைப் படம் தேனியில் ஓடுகிறது என்றாள். வண்டி போடியில் நிற்காமல் போயிற்று.

படத்தில் ஆரி ஓட்டை போட்டாள். வெளியே எட்டிப் பார்த்தாள். அப்புறம் கீழே நின்ற பையன் கூப்பிட்டான் என்று இறங்கி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். படம் முடிந்தது.

ஜெயபாக்கியம் அங்கேயே பிடித்துக்கொண்டாள். “ஏன்டி, அவ போயிட்டான்னுல்ல எங்ககிட்டச் சொன்ன? இத்தன நாளும் புளுகுனியா?”

புத்தகத்தில் இப்படி இல்லை என்று இவள் சத்தியம் பண்ணியிருக்கிறாள். யாரும் நம்பவில்லை. திரையில் கண்ணால் பார்த்துவிட்டார்களே. இடைவேளையில் பதின்மூன்று டீயை ஒருத்தியால் தூக்க முடியாமல் சின்னமுத்து கூடப் போனதை, அங்கே வந்திருந்த சந்திரவல்லி மகன் பார்த்துவிட்டான். அவன் பார்த்தது அந்த ரெண்டு பேரை மட்டும்.

ராசிங்காபுரத்துக்கு உழவுக்குப் போன என் மகன் டீக்கடையில் இதைக் கேட்டுவிட்டு வந்தான். பெண்டாட்டியைச் சந்தேகப்படுகிறவன் இல்லை, ஊர்வாய்க்குப் பயந்தவன். இனி ஜீப்பு வேண்டாம் என்றான். மூன்று நாள் அவள் போகவில்லை. மூன்று நாளும் ஜீப்பு வாசலில் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அவளுக்குச் சோலி போனதைவிட, புளுகுணி என்கிற பேர்தான் வலித்தது. நாலாம் நாள் என் மகனே மனசு இறங்கி வந்து, வேண்டுமானால் போ, ஆனால் பின்னால் உட்கார், கதையெல்லாம் நிறுத்திவிடு என்றான்.

மறுநாள் விடிய ஹாரன் கேட்டது. மேல்சட்டை போட்டு, தலைத்துணி கட்டி, தூக்குச்சட்டியை எடுத்தாள். ஆரி கதைப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகினாள். வினோத்குமார் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“பின் சீட்டுதான?”

“பின்னாடி போய் உக்காந்தேன்னா, சந்திரவல்லி சொன்னது நெசம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்” என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை.

அவன் என்னைப் பார்த்தான், நான் ஏதாவது சொல்வேன் என்று.

“தள்ளி நில்லுடா, ஜீப்பு காத்துக்கெடக்கு” என்றேன்.

தள்ளி நின்றான். அவள் வாசலைத் தாண்டிப் போனாள். எதிர்வாசலில் சந்திரவல்லி தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். முத்துப்பிரியா அந்தப் பக்கம் திரும்பாமல் முன் சீட்டில் ஏறி, முழங்கால் போட்டு, பின்னால் இருந்த ஜெயபாக்கியத்தின் மூக்குக்கு நேராகப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பிரித்துப் பிடித்தாள். வண்டி கிளம்புமுன்னே படிக்க ஆரம்பித்துவிட்டாள்.