கழுகுமலைக்குப் போன பிளசர்

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அண்ணன் சொத்தைப் பிரித்தான். பிரித்தான் என்று சொல்வதே தப்பு. எடுத்துக்கொண்டான். தீப்பெட்டி ஆபீஸ் அவனுக்கு, வீடு அவனுக்கு, எட்டயபுரம் ரோட்டுக் கரிசல் காடு அவனுக்கு. சொந்தக்காரர்கள் பந்தியில் சாப்பிட்ட கை காய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"எனக்கு?" என்று கேட்டேன்.

"ஒனக்கு என்னட்டி வேணும்? நக போட்டுக் கட்டிக் குடுத்தாச்சு. வேணும்னா குடோன்ல கெடக்குத அப்பா பிளசர எடுத்துட்டுப் போ" என்றான்.

எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் காரைப் பிளசர் என்றுதான் சொல்வார்கள். அப்பாவும் அப்படித்தான் சொல்வார். நான் பிறப்பதற்கு முன்பே வாங்கிய கறுப்பு வண்டி, கப்பலில் வந்தது. பன்னிரண்டு வருஷமாகத் தீப்பெட்டி ஆபீஸ் குடோனில் நான்கு டயரும் தரையோடு தரையாகக் கிடந்தது. பின்சீட்டில் கோழி அடை காத்தது. அதைத்தான் எனக்குப் பங்கு என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். எங்கள் வீட்டில் பெண் சொல் வாசல்படிகூட ஏறியதில்லை. நான் எந்தக் காலேஜில் படிக்க வேண்டும் என்பதிலிருந்து அப்பாவை எந்த ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்பது வரைக்கும் நான் சொன்ன எதையும் அண்ணன் காதில் வாங்கியது கிடையாது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "எடுத்துக்கிடுதேன். உன் மக கல்யாணத்துக்குக் கழுகுமலைக்கு இந்தப் பிளசர்லதான் வருவேன். வர முடியலன்னா இத காயலான் கடைல போட்டுட்டு, உன் வாசப்படிய மிதிக்கவே மாட்டேன்" என்றேன். எங்கள் குடும்பத்துக் கல்யாணம் எல்லாம் கழுகுமலைக் கோயிலில்தான் நடக்கும். கோவில்பட்டியிலிருந்து எட்டாத தூரமில்லை. ஆனால் அந்த வண்டிக்கு அது அமெரிக்கா மாதிரி.

"டவுன் எல்லையத் தாண்டாதுட்டி அது" என்றான் அண்ணன்.

இது தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. எனக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தது. உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். பெட்ரோல் எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டுப் பாடம் நடத்தி நடத்தியே வருஷங்கள் போயிருந்தன. ஒரு ஸ்பேனரைக்கூடக் கையால் தொட்டதில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. முதல் வேலையாக டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து கார் ஓட்டப் படித்தேன். என் கணவருக்குச் சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. கூட்டுறவு பேங்கில் வேலை, சாதுவான மனுஷன். நான் கத்தினால் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்.

டிராக்டரில் கயிறு கட்டி வண்டியை எங்கள் வீட்டுப் பின்பக்கம் இழுத்து வந்து போட்டேன். டவுனில் நாலு மெக்கானிக்கைப் போய்ப் பார்த்தேன். கேள்வி கேட்டது நான். பதில் சொன்னது என் கணவரைப் பார்த்து. அவரோ கார்புரேட்டரைக் காட்டினால் அதுதான் பேட்டரியா என்று கேட்கக்கூடியவர். நாலு பேரையும் தூக்கிப்போட்டுவிட்டு, கடைசியில் கயத்தாறு ரோட்டில் லாரி பட்டறை வைத்திருந்த ஒருவரிடம் போனேன். ஐம்பது வயதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். அவர் மட்டும்தான் என் முகத்தைப் பார்த்து, "ஞாயித்துக்கெழம வந்து பாக்குதேன் டீச்சர்" என்றார்.

வந்தார். எஞ்சின் இறுகிப்போய்க் கிடந்தது. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டைகளில் மண்ணெண்ணெயை ஊற்றி ஒரு வாரம் ஊறவைத்தோம். துருப்பிடித்த பெட்ரோல் டேங்குக்குள் சரளைக் கல்லையும் மண்ணெண்ணெயையும் போட்டு நானும் என் கணவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினோம். பிரேக்குக்கு உள்ளே போடுகிற ரப்பர் எங்கேயும் கிடைக்கவில்லை. பழையதை மணிபர்ஸில் போட்டுக்கொண்டு மதுரைக்குப் போய், கடை கடையாக அளவு பார்த்து, வேறு ஏதோ வண்டியின் ரப்பரை வாங்கி வந்தேன். ஐப்பசி மழையில் கரிசல் மண் களியாகிவிட, ஜாக்கி ஒரு பக்கமாக இறங்கி வண்டி சாய்ந்தது. அடியில் படுத்திருந்த மெக்கானிக் காலை இழுத்துக்கொண்டதால் தப்பித்தார். அன்றைக்கு அடுப்படியிலிருந்த அம்மிக்கல்லை உருட்டி வந்து ஜாக்கிக்கு அடியில் போட்டேன். அதற்கப்புறம் ஐந்து மாதம் எங்கள் வீட்டில் அம்மியில் அரைத்த சட்னி கிடையாது.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி ஸ்டார்ட் ஆனது. தெரு முழுக்கப் புகை. எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

அன்றைக்கு மெக்கானிக் ரேடியேட்டரைக் கழுவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்ல பித்தள டீச்சர், அடைப்பே இல்ல. நம்ம போர் தண்ணிய மட்டும் ஊத்திராதீங்க. குடிதண்ணிதான் ஊத்தணும்."

கோவில்பட்டிக்காரியிடம் போய் இதைச் சொன்னால் என்ன செய்வாள்? குழாயில் குடிதண்ணீர் பத்து நாளைக்கு ஒரு தடவை வரும். சில சமயம் பன்னிரண்டு. வருகிற அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுக் காத்துக் கிடந்து ஆறு குடம் பிடித்து அடுப்படியில் வரிசையாக வைப்பேன். மற்ற எல்லாவற்றுக்கும் வீட்டு ஆழ்துளைக் கிணற்றின் போர் தண்ணீர்தான். வாயில் வைத்தால் கடல், சோப்புப் போட்டால் நுரைக்காது. "நல்லா இருக்கே அண்ணாச்சி! மனுசன் குடிக்கத் தண்ணியில்ல, பிளசருக்குக் குடிதண்ணி ஊத்தணுமாக்கும்" என்று மெக்கானிக்கிடம் சொன்னேன். அதோடு அடுப்படியைப் பார்த்துத் திரும்பி, "குடத்துத் தண்ணிய யாராவது இதுக்குத் தொட்டா கைய ஒடிச்சிருவேன்" என்று என் கணவருக்கும் கேட்கும்படி சொன்னேன். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

முதலில் வண்டி நன்றாகத்தான் ஓடியது. எட்டயபுரம் ரோட்டில் பத்து கிலோமீட்டர் போய்த் திரும்பினேன். பங்குனியில் எட்டாவது கிலோமீட்டரில் கொதித்தது. நிறுத்தி, ஆறவைத்து, தண்ணீர் ஊற்றி ஓட்டினேன். அடுத்த மாதம் ஆறில் கொதித்தது. மறுபடி ஊற்றினேன். மெக்கானிக் எஞ்சின் தலையைக் கழற்றி, தண்ணீர் கசியாமல் இருக்க அதன் அடியில் வைக்கிற கேஸ்கட் தகட்டைப் புதிதாகப் போட்டார். அது போட்ட இரண்டாவது வாரம் நாலு கிலோமீட்டரிலேயே ஆவி பறந்தது. நடுரோட்டில் நான் நிற்க, பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆவணியில் கல்யாணம் என்று அண்ணன் பத்திரிகை வைக்க வந்தான். வீட்டுக்குப் பின்னால் பானெட் திறந்து கிடந்த வண்டியைப் பார்த்துவிட்டு, "பிளசர்ல வருதியா, பஸ்ல வருதியா? பஸ்ஸுன்னா சொல்லு, வேன் அனுப்புதேன்" என்றான். தாம்பாளத்தை வெடுக்கென்று வாங்கினேன்.

அந்த ஆத்திரத்தோடு மறுநாள் பட்டறைக்குப் போனேன். நாலைந்து லாரிகள் நின்றன. அதில் ஒன்று அண்ணனின் தீப்பெட்டி ஆபீஸ் லோடு லாரி. அதன் டிரைவர் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு எனக்கு வணக்கம் சொன்னான். நான் யாரையும் பார்க்கவில்லை.

"பழைய கேஸ்கட்ட மாட்டிட்டுப் புதுசுன்னு ஏமாத்திருக்கீரு. திருட்டு வேல பாத்திருக்கீரு. பொம்பளன்னா என்ன தெரியும்னு நெனச்சீரா?" என்று ரோட்டுக்குக் கேட்கும்படி கத்தினேன்.

அவர் முகம் சிறுத்துப்போனது. "டீச்சர், நா மாட்டுனது புதுசு. எஞ்சின்ல கொற இல்ல. வேற எங்கயோ இருக்கு. வந்து பாக்குதேன்."

"நீரு என் வாசல்ல கால் வைக்கக் கூடாது."

டிரைவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் கணவர் அன்று ராத்திரி பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்னார். பேப்பரைப் பிடுங்கிக் கிழித்தேன்.

பிறகு நானே இறங்கினேன். பழைய சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு எஞ்சின் தலையைக் கழற்றினேன். கேஸ்கட் புதிது. ஒரு இடத்தில்கூடக் கருகவில்லை. அவர் சொன்னது அத்தனையும் உண்மை என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவர்மேல் வேறு குற்றம் ஏதாவது கிடைக்குமா என்றுதான் என் மனசு தேடியது. தண்ணீர் பம்பைக் கழற்றினேன். அதுவும் சரியாக இருந்தது. பெல்ட்டும் சரியாக இருந்தது. கடைசியில் ரேடியேட்டரின் அடிக்குழாயைப் பிடுங்கினேன். கொட்ட வேண்டிய தண்ணீர் நூல் மாதிரி ஒழுகியது. விரலை விட்டு நோண்டினேன். வெள்ளைப் பொருக்காகக் கையில் வந்தது.

அந்தப் பொருக்கை எனக்கு நன்றாகத் தெரியும். குளிக்க வெந்நீர் போடுகிற எங்கள் குண்டாவில் அடியில் படிகிற அதே உப்பு.

"எந்தத் தண்ணிய ஊத்துனீங்க?" என்று கணவரிடம் கத்தினேன். கேட்கும்போதே அது எவ்வளவு கேவலமான கேள்வி என்று தெரிந்தது. அவர் ஊற்றியது பாதி என்றால் நான் ஊற்றியது பாதி.

"போர் தண்ணிதான். குடத்தத் தொட்டா கைய ஒடிச்சிருவேன்னு நீதான சொன்ன" என்றார்.

கொதித்தது, ஊற்றினோம். ஊற்ற ஊற்ற அடைத்தது. அடைக்க அடைக்கக் கொதித்தது. அறிவியல் டீச்சராம்! தண்ணீரின் கடினத்தன்மை பற்றி வருஷா வருஷம் பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி கேட்கிறவள். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. குத்துவிளக்குத் தேய்க்கிற மாதிரி புளியைக் கரைத்து ரேடியேட்டருக்குள் ஊற்றி இரண்டு நாள் வைத்தேன். வெளியே பித்தளை பளபளத்தது, உள்ளே ஒன்றும் அசையவில்லை.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. ரேடியேட்டரை ஆட்டோவில் வைத்துக்கொண்டு அதே பட்டறைக்குப் போனேன். லாரி ஒன்றும் இல்லை. ஒரு பழைய டிராக்டர் மட்டும் நின்றது. ஏன் என்று நான் யோசிக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளைக் கோர்த்துக்கொண்டு போனேன். வாயில் வந்தது, "உப்புத் தண்ணி ஊத்திட்டோம்" என்பது மட்டும்தான்.

"தெரியுது டீச்சர்" என்றார்.

மேல்தொட்டியைச் சூடாக்கிப் பிரித்து, பட்டைக் கம்பியை ஒவ்வொரு குழாயிலும் விட்டுக் குத்திக் குத்தி எடுத்தார். சாக்கின்மேல் உப்பு குவிந்தது. திரும்ப ஈயம் வைத்துப் பற்றவைக்கும் வரைக்கும் நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"ஞாயித்துக்கெழம வந்து மாட்டிக் குடுப்பீங்களா அண்ணாச்சி?"

"நீங்களே மாட்டிருவீங்க டீச்சர். வாசல்ல கால் வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டீங்கள்லா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்திவிட்டுப் போயிருப்பேன்.

நானே மாட்டினேன். கல்யாணத்துக்கு முதல் நாள், தண்ணீர் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அடுப்படியில் இரண்டரைக் குடம் மிச்சம். ஒரு குடத்தைத் தூக்கி வந்து ரேடியேட்டரில் ஊற்றினேன். இன்னொன்றைக் கேனில் ஊற்றி டிக்கியில் வைத்தேன். "யாரு கைய ஒடிக்கணும் இப்ப?" என்று கேட்டார் என் கணவர். வாழ்க்கையில் அவர் அடித்த ஒரே ஜோக் அது.

விடிகாலையில் கிளம்பினோம். நான் ரோட்டைப் பார்த்ததைவிடச் சூடு காட்டுகிற முள்ளைத்தான் அதிகம் பார்த்தேன். நாலாவது கிலோமீட்டர் போனது. எட்டாவது போனது. முள் பாதியில் நின்றது நின்றதுதான். மலை தெரிந்ததும் ஹாரனை அடித்தேன், எதிரே ஒரு ஆடுகூட இல்லை. கோயில் மண்டபத்து வாசலில், மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க நின்றுகொண்டிருந்த அண்ணனுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினேன்.

அண்ணன் வந்து பானெட்டில் கையை வைத்துப் பார்த்தான். அவன் முகம் மாறியதை நான் கண்ணாரப் பார்த்தேன். அதற்காகத்தான் அத்தனை மாதமும் கிரீஸில் கிடந்தேன். மனசு நிறைந்தது என்று சொல்ல வெட்கமாக இருந்தாலும், நிறைந்தது.

"யாருட்டி சரி பண்ணது?" என்றான்.

"பட்டற அண்ணாச்சிதான். கயத்தாறு ரோட்டுக்காரரு."

"அந்தத் திருட்டுப் பயலா?" என்றான் அண்ணன். "அவன் கேஸ்கட்ல ஏமாத்துதான்னு நீ சத்தம் போட்டத நம்ம டிரைவர் வந்து சொன்னான். தங்கச்சியே சொல்லுதான்னா சும்மாவான்னு நம்ம லாரி ஒண்ணக்கூட அங்க விடல. நம்ம தீப்பெட்டி சங்கத்து ஆளுக எல்லார்ட்டயும் சொல்லி அவிய வண்டியயும் நிப்பாட்டியாச்சு."

பட்டறையில் ஒற்றையாக நின்ற டிராக்டர் கண்ணில் வந்தது.

"அண்ணே, நா சொன்னது பொய். அவரு மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு என் மேல. போர் தண்ணிய ஊத்துனது நானு. லாரிகள அங்க விடச் சொல்லு" என்று அவன் கையைப் பிடித்தேன்.

அவன் கையை உருவிக்கொண்டான். "பேசாம இரு. அன்னைக்கு ஒண்ணு சொன்ன, இன்னைக்கு ஒண்ணு சொல்லுத. பொம்பள பேச்சக் கேட்டு நா தொழில் பண்ண முடியுமா?"

மேளச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள் என்று அவன் ஓடிவிட்டான். பிறந்ததிலிருந்து நான் சொன்ன எதையும் என் அண்ணன் கேட்டதில்லை. கேட்டது ஒன்றே ஒன்று, ஆத்திரத்தில் நான் சொன்ன அந்தப் பொய்.