பியானோ அண்ணாவும் என் புதுப் பட்டியலும்

எங்கள் அலுவலகத்தில் அவரைப் பியானோ என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பத்தேழு வயது. மவுஸைத் தொடவே மாட்டார். தலையைச் சற்றுத் திருப்பி, திரையை ஓரக்கண்ணால் பார்த்தபடி கீபோர்டில் விரல்களை ஓடவிடுவார். திரையில் எழுத்துகள் கொட்டை கொட்டையாக இருக்கும். வயதாகிவிட்டது, சாளேஸ்வரம் என்று விட்டுவிட்டோம். அந்தத் தலைத் திருப்பலை மட்டும் நான் பந்தா என்று நினைத்தேன். எனக்கு வாய் நீளம். நினைத்ததை நாலு பேரிடம் சொல்லியும் சிரித்திருக்கிறேன்.

நாங்கள் செய்வது எடிட்டர், புரோகிராமர்கள் புரோகிராம் எழுதுகிற மென்பொருள். எந்த விசையோடு எதைச் சேர்த்து அழுத்தினால் என்ன நடக்கும் என்கிற ஷார்ட்கட் பட்டியலை, பதினைந்து வருடத்துக்கு முன்னால் யாரோ தோன்றியபடி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வேறு எடிட்டரில் பழகி வந்தவர்கள் திணறினார்கள். மற்ற எடிட்டர்களில் இருப்பதுபோலப் புதுப் பட்டியல் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கூட்டத்தில் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பழைய கீயையும் செட்டிங்ஸ்ல ஒரு ஓரமா விட்டு வைக்கலாமேம்மா. வேணுங்கறவங்க வச்சுக்கட்டும்."

"ரெண்டையும் வச்சா யாருண்ணா கட்டி மேய்க்கிறது? அதெல்லாம் பெரிய வேலை. பியானோவுக்கு ஒரு புதுப் பாட்டு கத்துக்குடுத்தா போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, புதுப் பட்டியலுக்குக் கை தூக்கினார்.

பழைய பட்டியலில் கன்ட்ரோல் விசையையும் டி விசையையும் சேர்த்து அழுத்தினால் ஒரு வரியை நகலெடுக்கும். என் பட்டியலில் அந்த வரியையே அழிக்கும். அவர் விரல் பழக்கத்தில் அழுத்தியது. வரி காணாமல் போனது அவருக்குத் தெரியவில்லை. ஒரே வாரத்தில் மூன்று முறை அவர் அனுப்பிய புரோகிராம் உடைந்துபோய் எல்லோர் வேலையும் நின்றது. மூன்றாம் முறை, அத்தனை பேரும் பார்க்கிற பக்கத்தில் எழுதினேன்: "அண்ணா, கொஞ்சம் கண்ணைத் திறந்து வச்சு வேலை பாருங்க." பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை வேறு.

மறுநாள் மேனேஜர் அவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். அண்ணா அதுவரை மறைத்து வைத்திருந்ததைச் சொல்லி, ராஜினாமாவையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருந்தது.

அவர் மேஜையைக் காலி செய்ய வந்தது அவர் மனைவி. டிராயரில் உள்ளங்கை அளவு பூதக்கண்ணாடி ஒன்று இருந்தது.

"நேரா பாத்தா ஒண்ணும் தெரியாதும்மா அவருக்கு, ஓரத்துலதான் கொஞ்சம். நாலு வருஷமா இப்படித்தான். தெரிஞ்சா அனுப்பிடுவாங்கன்னு யார்கிட்டயும் மூச்சு விடல. விரல்தான் அவருக்குக் கண்ணு."

பட்டியல் போட்டவள் நான்தான் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. வாயைத் திறக்கிற இடத்திலெல்லாம் திறக்கிற நான், அப்போது மூடிக்கொண்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் வரை போனேன், பெரிய உபகாரிபோல.

பழைய கீயைத் தனி அமைப்பாகச் சேர்க்க உட்கார்ந்தேன். பெரிய வேலை என்றேனே, மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. போன் செய்ய மனம் கூசி, நாள் கடத்தி, மூன்று மாதம் கழித்துத்தான் கூப்பிட்டேன்.

"அண்ணா, தப்பு என் மேலதான். பழைய கீயெல்லாம் திரும்ப வச்சுட்டேன்."

"அடடா, எனக்காகவா? வேண்டியதே இல்லையேம்மா. இங்க வீட்ல இவ திரையைப் பாத்துச் சொல்லச் சொல்ல, உன் பட்டியல் முழுசையும் பழகிட்டேன். ஒரு வரி தப்பறதில்ல இப்ப." கொஞ்சம் தயங்கினார். "நீ சொன்னா மேனேஜர் கேப்பார். ஒரு வார்த்தை சொல்லிப் பாரேன்."

அவர் இடத்துக்குப் போன வாரம்தான் ஆள் எடுத்திருந்தோம். நேர்காணல் நடத்தி, இவரே போதும் என்று கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

"சொல்றேண்ணா," என்றேன்.