கஜனியின் கைக்குக் காது உண்டு

ஹந்தான மலை ஒரு காலத்தில் ஹுன்னஸ்கிரியவில்தான் இருந்ததாம். கஜனி ஒருநாள் கால்களை நீட்டிச் சோம்பல் முறித்தபோது பட்ட உதையில் உருண்டு வந்து கண்டிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டதாம். அவள் முறைத்துப் பார்த்தால் மகாவலி வந்த வழியே திரும்பி ஓடுமாம். மஹய்யாவையில் கஜனி குடியிருக்கும் சந்தில், அவளுடைய அடுத்த சண்டையை முன்னிட்டு, ஒரு பழைய பெட்சீட்டில் இவ்வளவும் சிவப்பு மையால் எழுதித் தொங்கவிடப்பட்டிருந்தது. கடைசி வரி மட்டும் ஒரு முழ உயரத்துக்கு: "தோள்வியே அறியாத கஜனி!"

எழுதியவள் அதே சந்தில் குடியிருக்கும் றுமைஸா. வயது பதினேழு. ஓ.எல். பரீட்சையில் தமிழும் கணிதமும் அவளைக் கைவிட்டன. அவளும் பெருந்தன்மையாக அவற்றைக் கைவிட்டுவிட்டாள்.

கஜனி பெட்சீட்டின் முன்னால் நின்று கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "அடியே, சண்ட முடிஞ்சதும் இத நான்தான் எடுத்து வச்சுக்குவேன்" என்றாள். மலை உருண்ட கதைக்குத்தான் சிரிக்கிறாள் என்று றுமைஸா நினைத்துக்கொண்டாள்.

மலையை உதைக்கிற ஆளா கஜனி? ஹுன்னஸ்கிரியத் தோட்டத்தில் பிறந்தவள். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளை மடுவத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தாள். பிறகு மஹய்யாவைக்குப் பெரியம்மா வீட்டோடு வந்து, டவுனில் ஒரு பிள்ளைகள் காப்பகத்தில் சேர்ந்தாள். ஊர்தான் மாறியது. இடுப்பில் ஒன்று, முதுகில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று என்ற கணக்கு மாறவில்லை.

அந்தக் காப்பகத்தில் நஸீப் மாஸ்டரின் மகளும் இருந்தாள். ஒரு மாலை அவளைக் கூட்டிப்போக யாரும் வரவில்லை. கஜனியே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கட்டுகஸ்தோட்டைக்குப் போனாள். டயர் கடைக்கு மேல்மாடியில் மாஸ்டர் கூண்டுச் சண்டை பழக்குகிற இடம். தரை முழுக்க மெத்தை. கஜனி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நல்ல மெத்தையில ஒரு பிள்ளையும் தூங்கலியா?" என்று கேட்டாள். மாஸ்டருக்குச் சிரிப்பு. அங்கே பழகிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் காட்டி, "இவட பிடியக் கழட்டுங்க பாப்பம்" என்றார். கஜனி பிடியைக் கழற்றியதோடு நிற்கவில்லை. பழக்க தோஷத்தில் அந்தப் பெண்ணைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

மறுவாரமே மாஸ்டர் அவளைச் சேர்த்துக்கொண்டார். மூன்று வருடத்தில் ஐந்து சண்டை. ஐந்திலும் வெற்றி.

ஆனால் அவளுடைய கையில் ஒரு வினோதம் இருந்தது. காப்பகத்தில் மதியச் சோற்றுக்குப் பிறகு இருபத்திரண்டு பிள்ளைகள் பாயில் படுப்பார்கள். ஒன்று சிணுங்கினாலும் மூத்தவரான அன்னலட்சுமி அக்கா மூலையில் இருந்து "தட்டு, தட்டு" என்பார். உடனே கஜனியின் கை பக்கத்தில் கிடக்கும் முதுகைத் தட்டத் தொடங்கிவிடும். மூன்று தட்டு, சின்ன நிறுத்தம், மறுபடி மூன்று. பத்து வருடப் பழக்கம். செய்தி தலைக்குப் போவதே இல்லை. காதில் இருந்து நேரே கைக்கு.

தம்பியைக் கூட்டிப்போக வருகிற றுமைஸா இதைக் கண்டுபிடித்த நாளில் இருந்து கஜனிக்கு நிம்மதி போயிற்று. பின்னால் வந்து மெல்ல "தட்டு" என்பாள். கஜனி சோற்றுப் பார்சலைத் தட்டுவாள். பஸ்ஸில் "தட்டு" என்பாள். கஜனி கொண்டக்டரின் தோளைத் தட்டுவாள். அவர் திரும்பிப் பார்த்து மிச்சக் காசை இரண்டாம் முறையும் கொடுத்ததுண்டு.

"உங்கட கைக்குக் காது ஈக்கி, அக்கா."

"உன் வாய்க்குத்தான்டி பூட்டு இல்ல."

றுமைஸாவுக்கு இன்னொரு விளையாட்டும் இருந்தது. அது யாருக்கும் தெரியாது. வெளிநாட்டுக் கூண்டுச் சண்டைகள் இங்கே ஞாயிறு காலையில் வரும். யார் வெல்வார், எத்தனையாவது ரவுண்டில் என்று மஹய்யாவையின் வட்ஸ்அப் குழுவில் நாற்பத்தொரு பேர் பந்தயம் பிடிப்பார்கள். தோற்றவர் கொத்து ரொட்டி வாங்கிக் கொடுக்க வேண்டும். அந்தக் குழுவில் 'கூண்டுச் சாத்திரி' என்ற பட்டத்தோடு, சொந்தப் பெயரும் முகமும் காட்டாத ஒரு மகான் இருந்தார். "செவ்வாய் இவரது இடது முழங்காலில் குந்தியிருக்கிறார். மூன்றாம் ரவுண்டில் விழுவார்" என்று எழுதுவார். பத்தில் ஆறு பலித்தது. மகானாக அது போதும். றுமைஸாவின் இரண்டாவது சிம்தான் அந்த மகான்.

மாகாண இறுதிச் சண்டை கஜனிக்கும் ஒரு கலகெதரப் பெண்ணுக்கும் என்று முடிவானது. நாற்பத்தொரு பேரும் கஜனி பக்கம். எதிர்ப்பக்கம் ஆளில்லாமல் குழு செத்த வீடு மாதிரிக் கிடந்தது. பொறுக்காமல் சாத்திரி எழுதினார்: "இரண்டாம் ரவுண்ட். கஜனி தட்டுவார். தோள்வி."

கூண்டுக்குள் தட்டுவது என்றால் 'விட்டுவிட்டேன்' என்று அர்த்தம். எதிராளியின் உடம்பிலோ தரையிலோ கையால் தட்டினால் நடுவர் சண்டையை நிறுத்திவிடுவார். குழு கொதித்தது. "பிழைச்சா பேரும் மொகமும் காட்டணும் சாத்திரி!" என்றார்கள். றுமைஸா யோசிக்காமல் "சரி" என்று போட்டுவிட்டாள். பிறகுதான் வாப்பா நினைவுக்கு வந்தார். ஆம்பிளைகள் நாற்பது பேருக்கு நடுவில் இருந்து பந்தயச் சாத்திரம் சொன்னது மகள்தான் என்று வாப்பாவுக்குத் தெரிந்தால் போனும் போகும், வாசலும் பூட்டும்.

சண்டையன்று முதல் ரவுண்ட் முழுக்கக் கஜனியுடையது. இரண்டாவதில் இருவரும் தரையில் விழுந்தார்கள். கலகெதரப் பெண் மேலே. கை கஜனியின் கழுத்தைச் சுற்றி இருந்தது, ஆனால் அதில் பலமில்லை. களைத்துப்போய் முகத்தைக் கஜனியின் தோளில் போட்டு மூச்சு வாங்கினாள்.

"அப்பிடியே இருங்க. ஆள் களைச்சிட்டா. பொறகு திருப்புங்க" என்றார் மாஸ்டர், அவசரமில்லாமல்.

கூண்டின் மறுபக்கத்தில் றுமைஸா, ஒரு கையில் தண்ணீர்ப் போத்தல், மறு கையில் வீடியோ எடுக்கும் போன். ரவுண்ட் முடிய இன்னும் முப்பது விநாடி. முப்பது விநாடி போனால் சாத்திரியின் முகத்திரை கிழியும். அவள் உதடு அவளைக் கேட்காமலே அசைந்தது.

"தட்டு... தட்டு."

கஜனியின் வலது கை எழுந்து அந்தப் பெண்ணின் முதுகுக்குப் போயிற்று. மூன்று தட்டு, சின்ன நிறுத்தம், மறுபடி மூன்று.

நடுவர் பாய்ந்து வந்து இரண்டு கையையும் வீசினார்.

முடிவுத் தாளில் எழுதினார்கள்: தோல்வி, தட்டி ஒப்புக்கொண்டார்.

"நான் விடல சார். அவ மூச்சு பிள்ள மூச்சு மாதிரி இருந்துச்சு. கை தானா..." என்று கஜனி சொல்லத் தொடங்கினாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாலைக்குள் சந்தில் அவளுக்குப் புதுப்பெயர் வந்துவிட்டது: எதிரிக்குத் தட்டிக்குடுத்த கஜனி. குழுவில் சாத்திரிக்குக் கும்பிடு மேல் கும்பிடு.

வென்றிருந்தால் கொழும்பில் தேசியத் தெரிவுக்குப் போயிருப்பாள். "கொழும்பு கெடக்கட்டும் மாஸ்டர். ஒப்புக்கிட்டான்னு எழுதியிருக்காங்களே, அத மட்டும் அழிக்கச் சொல்லுங்க" என்றாள்.

கை தட்டிய விதம் தெளிவாகத் தெரிகிற வீடியோவை ஏழு நாளுக்குள் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றது போட்டிக் குழு. மாஸ்டரின் வீடியோவில் நடுவரின் முதுகுதான் இருந்தது.

"மகள், நீங்க போனப் பிடிச்சிட்டு நிண்டீங்களே. எடுபட்டிச்சா?"

"இல்ல மாஸ்டர். சார்ஜ் முடிஞ்சி போன் செத்துட்டு" என்றாள் றுமைஸா. கஜனி அவளை ஒருமுறை பார்த்தாள்.

றுமைஸாவுக்கு வீட்டில் தனியே இருக்கக் கிடைத்த ஒரே இடம் கக்கூசு. அங்கே இருந்து அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்தாளோ. பிள்ளை வளர்த்த எவர் பார்த்தாலும் அது தாலாட்டுக் கை என்று சொல்லிவிடுவார். கூடவே அவளுடைய குரலும் மணி மாதிரிக் கேட்டது. அன்று வாயில் வந்தது எந்தத் தட்டு? சாத்திரி சொன்ன தட்டா, பஸ்ஸில் விளையாடிய தட்டா? அவளுக்கே தெரியவில்லை. சாத்திரிக்காகத்தான் சொன்னேன் என்று மனதுக்குச் சொல்லிப் பார்த்தாள். மனது நம்பவில்லை. அந்தக் கைக்குக் காது இருக்கிறது என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

ஏழாம் நாள் காப்பகத்தில் இருந்து வரும் வழியில் தம்பி அழுதான். "கஜனி அக்கா இப்ப தட்றல்ல. அன்னலட்சுமி அக்கா சொன்னாலும் கைய மடிக்குக் கீழ வெச்சிட்டு சும்மா ஈக்கிறா."

அன்று மாலை ஆறு மணிக்கு றுமைஸா வீடியோவில் தன் குரல் கேட்காதபடி சத்தத்தை வெட்டி நீக்கினாள். படத்தை மட்டும் சாத்திரியின் சிம்மில் இருந்து கஜனிக்கு அனுப்பினாள். கீழே ஒரு வரி: "இத காட்டுங்க. தோள்வி இல்லாம போகும்." பிறகு சிம்மைக் கழற்றிச் சாக்கடைக் கானுக்குள் வீசினாள். முகமும் காட்டவில்லை, பாவமும் தீர்ந்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் தம்பியைக் கூப்பிடப் போனபோது பிள்ளைகள் பாயில் கிடந்தார்கள். கஜனி மடிக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து நாலு மணியோட தவணை முடிஞ்சு போச்சாம்டி. இனி எதக் கொண்டாந்தாலும் பாக்க மாட்டாங்களாம்."

"எனத்த தவணை, அக்கா?" என்றாள் றுமைஸா, முகத்தைப் பச்சைப் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு.

கஜனி எழுந்து அலுமாரியைத் திறந்தாள். மடித்து வைத்திருந்த பெட்சீட்டை எடுத்துக் கடைசி வரியை மட்டும் விரித்தாள். பக்கத்தில் தன் போனை வைத்தாள்.

"ரெண்டையும் படி."

றுமைஸா படித்தாள். மறுபடியும் படித்தாள். என்ன பிழை என்று விளங்கவில்லை.

"தோளுக்குப் போடுற ள போட்டிருக்க. ரெண்டுலயும். ஒங்க சாத்திரியும் அதேதான் போட்டாரு. சண்டைக்கு முந்தியே குழுவுல இருக்குற பெரியம்மா மகன் காட்டுனான். நான் தோப்பேன்னு எழுதுனது யாருன்னு அப்பவே தெரியும்."

றுமைஸா பெட்சீட்டின் கடைசி வரியை மறுபடி மடிக்கத் தொடங்கினாள். பாயில் ஒரு பிள்ளை சிணுங்கியது. கஜனியின் கை எழுந்தது, பாதியில் நின்றது.

"நீதான் அனுப்புனன்னு தெரிஞ்சப்ப சந்தோசமாத்தான் இருந்துச்சு" என்றாள், பிள்ளை எழும்பாத குரலில். "ஆனா சத்தத்த எதுக்குடி வெட்டுன? அத்தன கூட்டத்துல எனக்குக் கேட்டதே அந்த ஒரு சத்தம்தானே."