கத்தாத ஏணி

மலைமேல் இருக்கிற குண்டூர் நாட்டில் தேன்மொழி என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. ஏரோப்ளேன் துடைக்கிறவள் என்று கேட்டால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். அந்தப் பட்டத்தைக் கட்டியது பக்கத்து வீட்டுச் சென்னம்மாள். தேன்மொழி பெங்களூரில் விமானம் பழுதுபார்க்கும் பெரிய கொட்டகையில் தகட்டு வேலை பார்க்கிறாள். முதல் லீவுக்கு வந்தபோது, "அங்க என்ன கண்ணு வேல?" என்று சென்னம்மாள் கேட்டாள். "முதல்ல நல்லாத் துடைப்போம் அத்தை, அப்புறம் வெடிப்பு இருக்குதான்னு பாப்போம்" என்று இவளும் உள்ளதைச் சொன்னாள். சென்னம்மாள் முதல் பாதியை மட்டும் ஊருக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

அது பொய்யும் இல்லைதான். விமானம் மேலே போகும்போது உள்ளே இருக்கிற ஜனங்கள் மூச்சுவிட வேண்டுமே என்று காற்றை அடைத்து வைப்பார்கள். அப்போது அதன் உடம்பு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு உப்பும். இறங்கினால் சுருங்கும். வருஷக்கணக்கில் இப்படி உப்பிச் சுருங்கினால் பாடுபட்ட உடம்புக்கு வருகிற அலுப்பு தகட்டுக்கும் வந்துவிடும். அலுத்துப்போன தகடு முதலில் விட்டுக்கொடுக்கிற இடம் ஓட்டையின் ஓரம், இல்லையென்றால் ஒரு கீறல். அங்கே மயிரிழை போல ஒரு வெடிப்பு பிறக்கும். ஒவ்வொரு தடவை பாரம் ஏறும்போதும் துளித்துளியாக நீளும். அந்த மயிரிழையைத் தேடிப் பிடிக்கத்தான் தேன்மொழிக்குச் சம்பளம்.

அவளை அந்த வேலைக்கு அனுப்பியது மாமன் சின்னுசாமி. அப்பன் இல்லாத பிள்ளை, மலையை விட்டு எதற்கு இறங்க வேண்டும் என்று தாய் ராமாயி அழுதபோது, "எங்க அக்கா மகளுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லி, கொண்டை ஊசி வளைவெல்லாம் கூடவே பஸ்ஸில் இறங்கி, சேலத்து ஐடிஐ-யில் சேர்த்துவிட்டு வந்த மனுஷன். அவர் சொல்லுக்கு ஊரில் மதிப்பு உண்டு. அவர் ஏறாத மிளகு மரமும் கிடையாது.

மிளகு பறிக்கிற மாசத்தில் அந்த ஊரில் கூலிக்கு ஆள் தேட மாட்டார்கள். இன்றைக்கு உன் தோட்டம், நாளைக்கு என் தோட்டம் என்று எல்லாரும் கைமாற்றாகப் போவார்கள். ஆளோடு ஏணியும் வீடு வீடாகப் போகும். முன்னால் இருந்தது ஒற்றை மூங்கில் ஏணி; கணுவில் விட்ட கிளைக் கட்டைகள்தான் படி. சின்னுசாமிதான் ஊருக்குப் பொதுவாக அலுமினியத்தில் ஒற்றைக் கால் ஏணி வாங்கிவந்தார். மூங்கிலில் செய்வது போலவே அதிலும் நடுவில் ஓட்டை போட்டு, மிளகுப் பையை மாட்டக் கொக்கி வைத்தார்.

மூங்கிலைப் பற்றி அந்த ஊர் ஆட்களுக்கு ஒரு தைரியம். முறியப் போகிற மூங்கில் முன்கூட்டியே கத்தும். கத்தினால் இறங்கிவிடலாம். அலுமினியமும் அப்படித்தான் கத்தும் என்று நினைத்துக்கொண்டார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை.

இந்த வருஷம் மாசி மாசம் தேன்மொழி லீவில் வந்திருந்தாள். அன்று ராமாயியின் தோட்டத்து முறை. மரத்தில் கொடி கொள்ளாமல் மிளகு சிவந்து நின்றது. சின்னுசாமி ஏணியோடு வந்து வாசலில் சாய்த்தார். கொட்டகைப் பழக்கம் விடுமா? தேன்மொழி ஏணிக் காலைக் கையால் தடவிக்கொண்டே போனாள். கொக்கி ஓட்டைக்குப் பக்கத்தில் நகம் இடறியது.

குனிந்து பார்த்தாள். மிளகுச் சாறு ஏறிக் கறுத்த குழாயில் ஒரு கோடு. கீறலா, வெடிப்பா? கீறல் என்றால் ஒன்றுமில்லை. வெடிப்பு என்றால், மாமன் உச்சியில் நிற்கும்போது ஏணி இரண்டாகும்.

"மாமா, இதுல ஏற வேண்டாங்க."

"ஏங் கண்ணு?"

"வெடிச்சிருக்குமோன்னு தோணுது."

சின்னுசாமி ஏணியைக் குலுக்கினார். "நேத்துக்கூட அர்த்தனாரி தோட்டத்துல நின்னு பறிச்சேன். ஒரு சத்தம் இல்லியே?"

"ஆமா, கம்முனுதான் இருந்துச்சு" என்றான் கூட வந்திருந்த அர்த்தனாரி.

"அது சத்தம் போடாதுங்க மாமா."

தேன்மொழி வீட்டுக்குள் ஓடினாள். மிளகு ஏற்றும் ஜீப்புக்கு வைத்திருந்த டீசலையும் சாமி மாடத்து விபூதியையும் எடுத்து வந்தாள். டீசலைத் தடவி, அப்போதே துணியால் துடைத்து, மேலே விபூதியைத் தூவினாள். வெடிப்பு இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து, வெள்ளைப் பொடியில் ஈரக்கோடாகத் தெரியும்.

"ஏணிக்குக் காத்துக் கருப்பு அடிச்சிருச்சா? ஒரு எலுமிச்சம்பழமும் சுத்திப் போடு கண்ணு" என்றாள் சென்னம்மாள்.

எல்லாரும் சிரித்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். விபூதி வெள்ளையாகவே இருந்தது.

"பாத்தியா, ஒன்னுமில்ல" என்று சின்னுசாமி ஏணியைத் தோளில் தூக்கப் போனார். தேன்மொழி அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"எந்திரி சாமி."

"மாட்டேனுங்க."

"நாலு பேரு வேலைய விட்டுட்டு வந்து நிக்கறாங்க. நாளைக்குச் சென்னம்மா தோட்டம். மிளகு உதுந்தா நீ பொறுக்கித் தருவியா?"

"தாரேன்."

"ஏண்டி, மாமன் வாங்கின ஏணியப் பழுதுன்னு சொல்ற. உனக்கே நல்லாருக்குதா?" என்றாள் ராமாயி. அதுதான் தேன்மொழிக்குச் சுருக்கென்றது. தன்னைக் கைப்பிடித்து மலை இறக்கிவிட்ட மனுஷனை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்கிறோம். அதுவும் வெறும் கீறலாக இருந்துவிட்டால்? இருந்தாலும் எழுந்திருக்கவில்லை. சந்தேகம் தீராமல் எதையும் மேலே அனுப்பக் கூடாது என்றுதான் அவளுக்குப் பழக்கம்.

அப்போதுதான் தன் தப்பு அவளுக்கு உறைத்தது. அவசரத்தில், டீசல் தடவுமுன் அழுக்கைத் துடைக்கவே இல்லை. வெடிப்பு வாயை மிளகுப் பிசின் அடைத்திருந்தால் டீசல் எப்படி உள்ளே போகும்?

"அம்மா, சுடுதண்ணி வையி. சோப்புத்தூள் வேணும். மாமா, நீங்க டீ குடிங்க. குடிச்சு முடிக்கறவரைக்கும் எனக்கு விடுங்க."

"அங்கயும் துடைக்கறா, இங்கயும் துடைக்கறா" என்றாள் சென்னம்மாள். ஆனாலும் தேங்காய் நாரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கறுப்பு போய் அலுமினியம் பளிச்சென்று தெரியும்வரை இருவரும் தேய்த்தார்கள். வெயிலில் காயவிட்டார்கள். தேன்மொழி மறுபடி டீசலைத் தடவி ஊறவிட்டாள். இந்தத் தடவை அவசரப்படவில்லை. சொட்டு மிச்சமில்லாமல் துடைத்துவிட்டு, விபூதியை மெல்ல ஊதித் தூவினாள்.

சின்னுசாமி டம்ளரைக் கீழே வைத்தார். ஓட்டையின் இரண்டு பக்கமும் விபூதி நனைந்தது. நனைந்த கோடு வளைந்து வளைந்து, குழாயைச் சுற்றிப் பின்பக்கம் போய் நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. சென்னம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "நேத்து இது மேலயா நின்ன?" என்று மட்டும் ராமாயி தம்பியைக் கேட்டாள்.

"கத்தவே இல்லியே" என்றார் சின்னுசாமி.

வெடிப்புக்குக் கீழே இருப்பதை அறுத்துச் சின்ன ஏணியாக வைத்துக்கொள்ளலாமே என்றான் அர்த்தனாரி. அதற்கும் தேன்மொழி விடவில்லை. அலுத்ததை ஆள் ஏறுகிற நீளத்தில் வைத்திருந்தால் என்றைக்காவது யாராவது எடுத்து ஏறுவார்கள். கொட்டகையில் கழித்த சாமானைத் துண்டு துண்டாக அறுத்துத்தான் போடுவார்கள் என்றாள். ரம்பத்தை அவள் கையிலிருந்து சின்னுசாமியே வாங்கிக்கொண்டார். கோட்டின்மேல் வைத்து நாலு இழுப்புத்தான் இழுத்திருப்பார். டக்கென்று ஏணி இரண்டானது.

"இப்பத்தான் கத்துது, நாயி" என்றார்.

முறிந்த வாயைத் திருப்பிப் பார்த்தார். பாதிக்குமேல் பிசின் குடித்துக் கறுத்துப் பழசாக இருந்தது. ரம்பம் பட்ட இடத்தைக் கழித்துப் பார்த்தால், புதுசாக மின்னியது ஒரு பக்கத்தில் கொஞ்சம்தான்.

"இந்த வெள்ளைத் துண்டுதான் என்னத் தாங்கிச்சா?"

"ஆமாங்க மாமா."

அவர் ஓட்டையின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "உங்க ஏரோப்ளேன்ல ஓட்டையே போட மாட்டீங்களா?" என்று கேட்டார்.

"போடுவோங்க. ஓரத்துல இருந்து எத்தன தள்ளிப் போடணும்னு கணக்கு இருக்குதுங்க. போட்டு ஓரத்த வழவழன்னு இழைச்சிருவோம்."

"நான் இழைக்கல" என்றார் சின்னுசாமி. சொல்லிவிட்டு எழுந்து, தாழ்ந்த கொடிகளில் கைக்கு எட்டினதைப் பறிக்கப் போனார். அர்த்தனாரி ஆலத்தூர் நாட்டுச் சம்பந்தி வீட்டில் ஏணி கேட்க ஜீப்பில் கிளம்பினான். கொஞ்சம் மிளகு உதிரத்தான் உதிர்ந்தது. தேன்மொழி சொன்னபடி குனிந்து பொறுக்கினாள்.

இப்போது ஊரில் வேறு ஏணி இருக்கிறது. ஓட்டை போடாமல் கொக்கியைக் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் போகுமுன் அதைத் துடைத்து, நகத்தால் தடவிப் பார்த்து அனுப்புகிறவள் சென்னம்மாள். அவளைக் கேட்காமல் சின்னுசாமிகூட அதில் கால் வைக்க முடியாது.