பெரியவன் பேரில் ஒரு டப்பா

என் அண்ணனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் நாங்கள் கட்டிப்பிடித்து அழுவோம் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

நான் ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் மின்னணுவியல் சொல்லிக்கொடுக்கிறேன். கணவர் வீடும் அங்கேயே. அப்பா மட்டும் பிள்ளையார்பாளையத்தில் தனியாக இருக்கிறார். எழுபத்தாறு வயதிலும் தறியில் உட்காருகிறவர். அம்மா இருந்தவரை இருவரும் சேர்ந்து கோர்வைச் சேலை நெய்தார்கள். கரை ஒரு நிறம், உடல் வேறு நிறம் என்று வரும் அந்தச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். அப்பா தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு மிதிப்பார், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு ஊடுநூல் கொண்டுபோகும் நாடாவைத் தள்ளுவாள். நாள் முழுக்கப் பேச்சு ஓடும். எதிர்வீட்டுக் கல்யாணம், கருட சேவைக் கூட்டம், என் மதிப்பெண், அண்ணனின் திமிர் எல்லாமே அந்தத் தறியில்தான் அலசப்பட்டன. அம்மா போன பிறகு அப்பா ஒருவரே நெய்யக்கூடிய சேலைக்கு மாறிக்கொண்டார். பேச்சும் நின்றுபோனது. போனில் நான் பத்துக் கேள்வி கேட்டால் ஒரு பதில் வரும், அதுவும் முழுதாக வராது.

அதனால்தான் அந்த டப்பாவைச் செய்தேன். தீபாவளிக்கு அண்ணன் அனுப்பிய, பேசினால் பதில் சொல்லும் குரல் கருவி ஒன்று பிரிக்காமல் கிடந்தது. அதை ஒரு ஸ்டீல் சம்படத்துக்குள் பொருத்தினேன். கண்ணுக்கு இரண்டு சின்ன விளக்கு, கழுத்துக்கு ஒரு மோட்டார். பேசுகிறவர் பக்கம் தலையைத் திருப்பும். நேற்று சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு இன்று கேள்வி கேட்கும்படி நிரல் எழுதினேன். கல்லூரியில் அதை ரோபோ என்று சொல்லிக்கொண்டேன். அப்பாவுக்கு அது முதல் நாளிலிருந்தே டப்பாதான்.

கருவியைப் பதிவு செய்ய ஒரு போன் எண் கேட்டது.

"என் நம்பர போட்டுர்றேம்பா."

"பெரியவன் பேர்ல போடும்மா," என்றார் அப்பா.

இது எங்கள் வீட்டு வழக்கம். அண்ணன் பெரியவன், நான் பாப்பா. கரண்ட் மீட்டர், கேஸ் புத்தகம், தண்ணீர்க் குழாய் எதுவானாலும் மூத்த மகன் பேரில்தான் இருக்கும். வரிசையில் நிற்பது நான், பேர் அவனுக்கு. சின்ன வயதில் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன், பிறகு விட்டுவிட்டேன். அன்றைக்கும் விட்டேன். சென்னையிலிருந்து அண்ணன் தன் போனுக்கு வந்த ஆறு எண்களைச் சொன்னான், நான் தட்டினேன், வேலை முடிந்தது.

அப்பா பேசுவதெல்லாம் எழுத்தாக அவன் போனில் போய் உட்காரும் என்பது எனக்குத் தெரியாமலா இருக்கும்? நன்றாகத் தெரியும். அன்றே தனியாக அழைத்து, "அதெல்லாம் நீ பாக்கக் கூடாதுண்ணா" என்றேன்.

"எனக்கு இருக்கிற வேலைல அத யாரு ஒக்காந்து படிக்கப்போறா? அம்மா மேல சத்தியமா பாக்க மாட்டேன், போதுமா?"

போதும் என்றுதான் நினைத்தேன். அம்மா பேரைச் சொல்லி அவன் பொய் சொல்வான் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் அவர்களோடு சண்டைக்குப் போயிருப்பேன்.

டப்பா முதல் பத்து நாள் மானத்தை வாங்கியது. அப்பா தறியில் இருந்தபடியே பேசுவார். அரை வாக்கியம் சொல்வார், நாடாவைத் தள்ளுவார், பலகையை இழுத்து அடிப்பார், அப்புறம்தான் மீதி அரை வாக்கியம் வரும். இடைவெளி விழுந்ததும் அவர் பேசி முடித்துவிட்டார் என்று நினைத்து டப்பா நடுவில் புகுந்துவிடும். "மன்னிக்கவும், நீங்கள் கூறியது புரியவில்லை."

"இன்னாம்மா இது, நான் பேசிக்கினு இருக்கசொல்லோ குறுக்க குறுக்க வருது? கலெக்டர் ஆபீஸ் மைக்காட்டம் வேற பேசுது."

நான் ஒரு வாரம் விடுப்புப் போட்டுவிட்டுத் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் எவ்வளவு நேரம், இழை அறுந்து முடிச்சுப் போட எவ்வளவு நேரம் என்று போனில் பார்த்துப் பார்த்துக் குறித்தேன். அதன்படி டப்பாவின் காத்திருப்பை நீட்டினேன். நடுவில் 'உம்' மட்டும் கொட்டவைத்தேன். 'வந்துக்கினு', 'போய்க்கினு' எல்லாம் புரியும்படி அவர் பேச்சைப் பதிவு செய்து, கேட்டு, திருத்தினேன். கேட்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் கேட்டேன். வேலை முடிந்த அன்று பதிவுகளை அவர் கண்முன்னே அழித்தேன்.

"இனிமே நீ பேசறத யாரும் கேக்க மாட்டாங்கப்பா. நானே கேக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அந்த வார்த்தையை நான் காப்பாற்றினேன். இன்றுவரை ஒரு வரி படித்ததில்லை. ஆனால் சுவரைத் தாண்டிச் சத்தம் வரத்தானே செய்யும்? நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே அப்பா பேசிக்கொண்டிருப்பார், சில நாள் சிரித்துக்கொண்டிருப்பார். நான் இருமிவிட்டுத்தான் நுழைவேன். அவரும் என்னோடு முன்னைவிட அதிகம் பேச ஆரம்பித்தார். ஒருநாள் தானாகவே போன் செய்து, பஸ் நிலையத்தில் பார்த்த ஒரு பழைய சிநேகிதரைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். வைத்த பிறகு நான் சமையலறையில் நின்று அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் சொல்லாமல் கொள்ளாமல் காரில் வந்தார்கள். சாப்பாடு ஆனது. அண்ணன் வெற்றிலை போடுகிறவன்போல நிதானமாகச் சம்மணமிட்டு, போனை எடுத்துப் படிக்க ஆரம்பித்தான்.

"போன செவ்வாக்கெழம, காலைல. குழியிலேர்ந்து ஏறசொல்லோ கால் மடங்கி விழுந்துட்டேன், பாப்பா கிட்ட சொல்லாதேன்னு சொன்னியா இல்லியா? அதுக்கு முந்தின மாசம் ஒரு தடவ. மெட்ராஸ்ல பெரியவன் வூட்ல பாத்ரூம் போனாக்கூட மருமவ காத குடுத்துக் கேக்குறாப்ல இருக்குது, அங்க போனா செத்துப்பூடுவேன்னு சொன்னியா இல்லியா?"

அண்ணி எழுந்து போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். மாமனார் தன்னைப் பற்றி ஒரு டப்பாவிடம் புலம்பியதைக் கணவன் வாயால் கேட்பது யாருக்கும் நன்றாக இருக்காது.

அப்பா அண்ணனைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"கேக்க மாட்டேன்னியேம்மா."

"நான் கேக்கலப்பா. அண்ணன் போன்ல வருதுப்பா. அவன் பேர்ல இருக்குது இல்ல, அதான்."

"அவன் பேர்ல இருந்தா இன்னா? மீட்டருகூடதான் அவன் பேர்ல இருக்குது. செஞ்சது நீதானே?"

அவருக்குப் பேர் என்றால் மரியாதை. பேர் இருக்கிற இடத்தில் காதும் இருக்கும் என்பதை எப்படிச் சொன்னாலும் அவருக்குப் பிடிபடவில்லை. அண்ணனுக்குப் பிடிபடும். 'அவ மேல தப்பு இல்ல, நான்தான் சத்தியத்த மீறிப் படிச்சேன்' என்று ஒரு வரி சொன்னால் போதும். அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாப்பா மேல ஏம்பா கோச்சுக்கற? அவ உன் நல்லதுக்குத்தான செஞ்சா," என்றான்.

நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்பதற்கு எனக்கு அன்றைக்குத்தான் பொருள் தெரிந்தது. படித்ததைக்கூட ஒருநாள் பொறுத்துக்கொள்வேன். விழுந்த செய்தி எனக்கு வந்திருந்தால் நானும் பதறியிருப்பேன். "நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊரு என்னத்தான கேக்கும்?" என்று அவன் கத்தியதிலும் உண்மை இருந்தது. ஆனால் பழியைத் தூக்கி என் மடியில் வைத்து, அதையும் ஒரு பாராட்டாகச் சுற்றிக் கொடுத்தானே, அதைப் பொறுத்துக்கொள்ள மாட்டேன்.

பேச்சு முடிந்தபோது அப்பாவுக்கு இரண்டு வழிதான் மிச்சம். ஒன்று, சென்னைக்குப் போக வேண்டும். இல்லையென்றால், தறிக்குழியை மூட வேண்டும். அப்பா குழியை மூடச் சொன்னார். தறியில் பாவு நூல் ஏற்றிய சேலையை நடுவில் அறுக்கும் பழக்கம் எங்களிடம் இல்லை என்பதால், அதை முடிக்க மட்டும் நாள் கேட்டு வாங்கிக்கொண்டார். பதினோரு நாளில் முடித்தார். அந்தப் பதினோரு நாளும் டப்பா தானாக ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்ததாம், அவர் ஒரு வார்த்தை பேசவில்லையாம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள். பிறகு கொத்தனார் வந்து ஜல்லியும் சிமெண்டும் போட்டு இரண்டு மணி நேரத்தில் தரையைச் சமமாக்கிவிட்டார். தெருவில் மற்ற வீட்டுத் தறிகள் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

அப்பாவிடம் நடந்ததை இன்னும் இரண்டு முறை விளக்கினேன். காகிதத்தில் படம் போட்டுக்கூடக் காட்டினேன். "சரிம்மா, வுடு," என்றார். டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விடட்டுமா என்று கேட்டதற்கும் அதே பதில்தான். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அண்ணனுக்கு போன் செய்து, "அப்பா கிட்ட உண்மைய சொல்லுடா" என்று கெஞ்சினேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவனை 'டா' போட்டேன். "இப்ப அத கிளறி இன்னா ஆவப்போவுது?" என்றான். அதற்குப் பிறகு நான் அவனோடு பேசுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்கப் போனேன். முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். எனக்குத் தெரிந்து வீட்டில் அவர் சட்டையே போட்டதில்லை. காபியை வாங்கும்போது சட்டைக் கை மேலேறியது, முழங்கை வீங்கிக் கறுத்திருந்தது. மேலே மஞ்சள் பற்று.

"விழுந்துட்டியாப்பா?"

அவர் என் கையிலிருந்த போனைப் பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு சொல்லாக, தெளிவாகச் சொன்னார்.

"நான் நன்றாக இருக்கிறேன். சாப்பிட்டுவிட்டேன். மாத்திரை போட்டுவிட்டேன்."

நான் எழுந்து போய், போனை வாசற்படியில் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். மறுபடியும் கேட்டேன்.

மறுபடியும் அதையே சொன்னார்.